பதினெட்டா, பதினாறா

கார்ப் பைத்தியம் பிடித்தவனிடம் சக்கரத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் அன்றைய வேலை கெட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஜோவிதா அப்படிப்பட்ட ஒருவனைத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் கடந்த ஒன்பது மாதமாக ஆஸ்டின் எதைப் பற்றியும் பேசாமல் கிடந்ததால், சக்கரத்தைப் பற்றியாவது பேசினால் போதும் என்ற நிலைக்கு அவள் வந்திருந்தாள்.

பிப்ரவரியில் பல்லாவரம் பக்கம் பைக்கிலிருந்து விழுந்து அவன் வலது தோளை நொறுக்கிக்கொண்டான். உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். இப்போது சட்டை போட வருகிறது, சோறு பிசைய வருகிறது, தண்ணீர் கேனைத் தூக்க மட்டும் வருவதில்லை. “பழைய பலத்துல முக்கால்வாசி வந்தாலே சந்தோஷப்படுங்க” என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜோவிதாதான் போட்டுக்கொண்டாள்.

கார் பன்னிரண்டு வருடப் பழசு. ஆனால் டர்போ எஞ்சின். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். சேலையூர் அபார்ட்மெண்டின் கீழ்த்தளத்தில் கவர் போர்த்தி நின்றது. விபத்துக்குப் பிறகு ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கிய ஜோவிதா, பேட்டரி இறங்காமல் இருக்க எப்போதாவது தெருமுனைவரை எடுத்துப் போய் வருவாள். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு ஷேர் ஆட்டோதான்.

“என்னால ஓட்ட முடியலன்னா வித்துடலாம் ஜோ. நிக்க வெச்சு வேடிக்கை பாத்துக்கிட்டிருக்க என்னால முடியாது” என்று ஒரே ஒரு தடவை சொன்னான். வீட்டிலிருந்தே வேலை என்று ஆபீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ஞாயிறு ஆராதனைக்குக்கூட வராமல் அறைக்குள்ளேயே இருக்கிறவன். காரும் போய்விட்டால் அவனை வெளியே இழுக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

நின்று நின்று டயர்கள் வெடிப்பு விட்டிருந்தன. மாற்றியே ஆக வேண்டும். படுக்கையில் கிடந்த நாட்களில் போனைத் தேய்த்துத் தேய்த்து அவன் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தான். பதினெட்டு அங்குல அலாய் சக்கரம், இருநூற்று இருபத்தைந்து மில்லிமீட்டர் அகல டயர். கம்பெனிக்காரன் போட்ட பதினாறைவிட இரண்டு அங்குலம் பெரிசு. மட்கார்டின் விளிம்புவரை வெளியே தள்ளி நிற்கும். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ரத்தம் ஓடியது. அதற்காகவே சனிக்கிழமை காலை அவள் அவனையும் ஏற்றிக்கொண்டு காரை ஓட்டி, சானடோரியம் பக்கத்து ஜெயவேலுவின் டயர் கடைக்கு வந்து சேர்ந்தாள்.

ஜெயவேலு முன்பக்கம் மட்டும் இரண்டு சக்கரத்தை மாட்டிக் காட்டினார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரலை விட்டார். “பாத்தியா சார், ரெண்டு விரலு போவுது. உரசாது.”

“ஸ்டியரிங்கைக் கடைசிவரைக்கும் ஒடிங்க, உள்பக்கம் பாக்கணும்” என்று ஆஸ்டின் குந்தி உட்கார்ந்தான். ஜெயவேலு உள்ளே ஏறித் திருப்பினார். ஆஸ்டின் டார்ச் அடித்துப் பார்த்துத் தலையாட்டினான். எல்லாம் பொருந்தியது.

ஒன்றை மட்டும் ஜோவிதா கவனித்தாள். வந்ததிலிருந்து அவன் ஓட்டுநர் சீட்டில் உட்காரவில்லை. ஸ்டியரிங்கைத் தொடவேயில்லை. காருக்கு இத்தனை பரீட்சை வைக்கிறவர்கள், ஓட்டுகிறவன் கைக்கு ஒரு பரீட்சை வைக்க வேண்டாமா? கார்ப் பைத்தியங்களின் புத்தி அப்படித்தான்.

“நான் ஒரு தடவை திருப்பிப் பாக்கறேன்” என்று ஏறி உட்கார்ந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தும் ஸ்டியரிங் அசைவேனா என்றது. பல்லைக் கடித்து இரண்டு கையாலும் இழுத்தாள். திரும்பியது. இரண்டு கையும் நன்றாக இருக்கிற அவளுக்கே இந்தப் பாடு.

“உங்க கைக்கு இது ஆகாது” என்று ஜெயவேலுவின் எதிரில் அவனிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். வீம்புக்கு இதையே மாட்டச் சொல்வான். தெருவில் எங்காவது திருப்ப முடியாமல் திணறுவான். அடுத்த வாரம் கார் விற்பனைக்கு வந்துவிடும்.

இறங்கி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். “எனக்கு முடியல. கை வலிக்குது.”

“நீ எப்பவோ ஒரு நாள் ஓட்டறவ ஜோ” என்றான் ஆஸ்டின் சிரித்தபடி. “பழகிடும்.”

“பழகாது. திங்கக்கெழமைலேர்ந்து ஸ்கூலுக்கு நான் கார்லதான் போகப் போறேன். கொஞ்ச நாளைக்கு நான்தான ஓட்டணும்?”

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்க் குத்தியது என்று புரிந்தது. அவன் முகம் சுண்டிப்போனது. நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

ஜெயவேலு அவன் தோளையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “மேடம் சொல்றது கரெக்டு சார். அகல டயரு, அதுவும் வெளிய தள்ளி நிக்கிற வீலு. உன் வண்டி பழைய மாடலு, நின்ன எடத்துல திருப்புனா யாரு கையா இருந்தாலும் பேஜாருதான். பதினாறுலயே வெயிட் கம்மியா ஒரு அலாய் கீது. உள்ளடங்கி உக்காரும். நல்ல கிரிப்பு டயரா போட்டுக்கினா வளைவுல சும்மா புடிச்சிக்கும்.”

“கம்பெனில போட்டதே பதினாறுதான். அதுக்கு நான் எதுக்கு இங்க வரணும்?”

ஜெயவேலு அந்தப் பதினாறு அங்குலச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து அவன் எதிரில் நிறுத்தினார்.

“சரி, போடுங்க. அவங்கதான ஓட்டப் போறாங்க” என்று சொல்லிவிட்டு, அடுக்கியிருந்த பழைய டயர்கள்மேல் போய் உட்கார்ந்துகொண்டான்.

முக்கால் மணி நேரம் அவன் நிமிரவில்லை. ஒன்பது மாதத்துக்குப் பிறகு வந்த ஒரு சந்தோஷத்தையும் நானே பிடுங்கிவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டாள். கார் இருந்தும் அவன் இப்படியே உட்கார்ந்திருந்தால் என்ன பிரயோஜனம்?

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சக்கரம் மாட்டினால் வண்டிக்காரர் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வர வேண்டும். வந்ததும் நட்டுகளை இன்னொரு முறை முறுக்குவார்கள். ஜெயவேலு சாவியைக் கொண்டுபோய் ஆஸ்டினிடம் நீட்டினார். “ஒரு ரவுண்டு போய்ட்டு வா சார்.”

அவன் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜோவிதா போய் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். வெகு நேரம் கழித்து வலதுபக்கக் கதவு திறந்தது.

கார் மெதுவாக நகர்ந்தது. தெரு நேராகப் போய் ரயில்வே சுவரில் முடிந்தது. திரும்பித்தான் வர வேண்டும், இடமோ குறுகல். அவன் ஸ்டியரிங்கை ஒடித்து முன்னே போனான், பின்னே வந்தான், மறுபடி ஒடித்தான். இரண்டாவது ஒடிப்பில் வலது கை பாதியிலேயே நின்றுவிட்டது. உதவிக்கு நீண்ட தன் கையை அவள் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவன் உதட்டைக் கடித்தான். ஸ்டியரிங் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைசிவரை போனது. கார் வந்த வழியைப் பார்த்து நின்றது.

நெற்றியில் வியர்வை வழிய அவன் மூச்சு வாங்கினான்.

“பதினெட்டா இருந்திருந்தா இங்கயே நின்னிருப்பேன்” என்றான்.

அவள் தொடைக்கடியிலிருந்து கையை எடுத்தாள்.

“ஜோ. உனக்கு நெஜமாவே கை வலிச்சுதா?”

“வலிச்சுது” என்றாள். “இன்னும் வலிக்குது.”

அவன் அவளைப் பார்த்துவிட்டுக் கியரைப் போட்டான்.

“அப்ப திங்கக்கெழமைலேர்ந்து உன்னை நானே ஸ்கூல்ல விட்டுட்டு வரேன்.”