வெள்ளிக்கிழமை வீடுகள்

ஆண்டாயி வேலியில் காயப்போட்டது ஒரே ஒரு பாவாடை. அதற்கு அரைமணி நேரம் ஆனது. உதறினாள், விரித்தாள், சரியில்லை என்று எடுத்து மறுபடி உதறினாள். கண் மட்டும் பாவாடையில் இல்லை. கிளுவை வேலிக்கு அந்தப்பக்கம், ரெங்கம்மாளின் கொல்லையில் இருந்தது.

அங்கே பதின்மூன்று பிள்ளைகள் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். முழங்கால் உயர வீடு. சோளத்தட்டையில் சுவர், முந்திரிச் சருகில் கூரை. கட்டி முடித்ததும் ரெங்கம்மாள் தீக்குச்சி கிழிப்பாள். கூரை பற்றும். பிள்ளைகள் கொட்டாங்கச்சியில் தண்ணீர் மொண்டு ஓடிவந்து அணைப்பார்கள். அணைத்துவிட்டுச் சிரிப்பார்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் இதுதான் கூத்து.

செந்துறைக்குக் கிழக்கே இருந்த அந்தத் தெருவில் எழுபத்தெட்டாம் வருடம் சித்திரையில் நிஜமாகவே தீப்பிடித்தது. ஓர் அடுப்பில் கிளம்பி, காற்றோடு சேர்ந்துகொண்டு இருபத்திரண்டு கூரைகளைத் தின்றுவிட்டுத்தான் ஓய்ந்தது. சர்க்காரிலிருந்து வந்தார்கள், மூங்கில் கொடுத்தார்கள், வேட்டி சேலை கொடுத்தார்கள். பிள்ளைகள் தூக்கத்தில் அலறுவதற்கு மட்டும் யாரும் எதுவும் கொடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்துச் சில பிள்ளைகள் சருகைக் குவித்துக் கொளுத்தி விளையாடியபோது பெற்றவர்கள் விளக்குமாற்றோடு ஓடினார்கள். பால்வாடியில் ஆயா வேலை பார்த்த ரெங்கம்மாள் மட்டும் ஒரு குடம் தண்ணீரோடு போனாள். அப்படித் தொடங்கியதுதான். வாரத்துக்கு ஒரு வீடு முறை வைத்து, ஒரு கட்டுத் தட்டையும் இரண்டு குடம் தண்ணீரும் கொடுப்பதாகப் பேச்சு. அரைக்குடத்துக்குக் குடுமியைப் பிடிக்கிற தெருவில் ஒரு வருடமாக அந்த முறை தவறவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஆண்டாயிக்கு என்ன வயிற்றெரிச்சல்? அம்சவள்ளிதான். தங்கை மகள், எட்டு வயது. தங்கை அந்தத் தீயிலிருந்து வெளியே வரவில்லை. அப்பன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவன். ஆண்டாயிதான் கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். இரண்டு பயல்களைப் பெற்றவளுக்குப் பெண் பிள்ளை மேல் ஆசை இருக்காதா? தலை வாரினாள், பூ வைத்தாள், பயல்களுக்குத் தெரியாமல் முட்டை அவித்துக் கொடுத்தாள். பிள்ளை தின்றது. ஒரு வார்த்தை பேசவில்லை. அடுப்புப் பற்றவைத்தால் வாசலுக்கு ஓடிவிடும். சரி, பேசுகிறபோது பேசட்டும், முதல் வார்த்தை 'பெரியம்மா'வாகத்தானே இருக்கும் என்று ஒன்றரை வருடம் காத்திருந்தாள். முந்தாநாள் அடிபம்பில் கலியம்மாள் அதில் மண்ணைப் போட்டாள்.

"ஏன்டி ஆண்டாயி, ஒங்க வூட்டுப் பொண்ணு வாயத் தொறந்துருச்சாமே. ரெங்கம்மாள அத்தேன்னு கூப்புடுதாம். ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன," என்றாள் ஆண்டாயி. குடம் நிரம்பி வழிந்த பிறகும் அடித்துக்கொண்டே இருந்தாள்.

அதனால்தான் இன்று இந்தப் பாவாடை. வேலி இடுக்கில் அம்சவள்ளி தெரிந்தாள். சருகை அடுக்கிக்கொண்டே வாய் ஓயாமல் ரெங்கம்மாளிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். ரெங்கம்மாளோ ஒரு 'உம்' கூடக் கொட்டாமல் தட்டை ஒடித்துக்கொண்டிருந்தாள். ஆண்டாயிக்குப் பொறுக்காமல் போனது அந்தக் கொட்டாத 'உம்'தான். தான் ஏங்கிக் கிடக்கிற பேச்சு அவளுக்குக் காதில் விழக்கூட இல்லை. முட்டை என் வீட்டில், பேச்சு அவள் வீட்டிலா?

மறுநாள் காலையில் நாட்டாமை தங்கசாமியின் வீட்டு வாசலில் நின்றாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மட்டுக்கு அவள் கெட்டிக்காரி.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா, வெளக்கு வக்கிற நேரத்துல வூட்டக் கட்டிக் கொளுத்துறாங்க மாமா. புள்ளைங்க கைகொட்டிச் சிரிக்குதுங்க. நாளைக்கு ஒரு பய நெசக் கூரையில வச்சிட்டான்னா யாரக் கேக்குறது?"

தெருவுக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் தெரிந்ததையே ஒருத்தி குரலைத் தாழ்த்திச் சொன்னால் பயம் புதிதாக வரும். மழைக்கு முன்னால் எல்லோரும் கூரை வேய்ந்திருந்த ஐப்பசி மாதம் வேறு. அடுத்த வெள்ளிக்கிழமை முறைக்காரர் தட்டை கொடுக்கவில்லை. ரெங்கம்மாள் சண்டைக்கு வந்திருந்தால் ஆண்டாயிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் வேலியோரம் வந்து, "அதுக்கு அடுத்தது ஒன் மொறதான ஆண்டாயி" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

அங்கே கதவை அடைத்தால் பேச்சு இந்தப்பக்கம் திரும்பிவிடும் என்பது ஆண்டாயியின் கணக்கு. வாய்க்கால் தண்ணீரா, மடை மாற்ற? தட்டை வராத அந்த வெள்ளிக்கிழமை அம்சவள்ளி வேலியோரம் உட்கார்ந்திருந்தாள். அதற்கு அடுத்த நாட்களில் பேச்சு நின்றது. பிறகு முட்டையும் வேண்டாம் என்றாகிவிட்டது. தூக்கத்தில் அலறல் திரும்ப வந்தது. புருஷன் ராசாங்கம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்:

"கொஞ்ச நாளு அதோட பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. அடுத்த வூட்டுலேருந்துதான். இருந்தாலும் கேட்டுச்சுல்ல."

அவன் ஒன்றும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஆண்டாயிக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அவளுடைய முறை வந்த வெள்ளிக்கிழமை, தன் கொல்லையிலேயே உட்கார்ந்து ஒரு வீடு கட்டினாள். ரெங்கம்மாள் என்ன, ஆகாசத்திலிருந்து குதித்தவளா? தட்டையை நட்டாள், சாய்ந்தது. நிமிர்த்தினாள், வேறு பக்கம் சாய்ந்தது. நாலு பக்கமும் நெருக்கமாகச் சுவர் வைத்து, சருகைக் கொட்டி, இரண்டு குடம் தண்ணீரையும் பக்கத்தில் வைத்தாள். நிஜ வீட்டுக்குக்கூட அவள் அவ்வளவு பாடுபட்டதில்லை. பிறகு கூப்பிட்டாள்.

அம்சவள்ளி வந்து வெகுநேரம் வீட்டையே பார்த்தாள். குனிந்தாள். முன்பக்கத்துச் சுவரிலிருந்து மூன்று தட்டைகளைப் பிடுங்கி எறிந்தாள்.

"ஏன்டி பிய்க்கிற?"

"வாசலு வைக்கல நீ," என்றாள் அம்சவள்ளி. குரல் கரகரத்திருந்தது. "உள்ள இருக்கறவங்க எப்படி வெளிய வருவாங்க?"

பெரியம்மா என்று சொல்லவில்லை. ஆண்டாயி அதைக் கவனிக்காமல் இல்லை. தீப்பெட்டியைத் தடவி எடுத்தாள். பிள்ளை இரண்டடி பின்னால் போனது.

"நீ வேணாம். ரெங்கம்மா அத்த கிழிக்கட்டும்."

வேலிவரை பத்தடிதான். அதை நடக்க ஆண்டாயிக்குப் பாவாடை காயப்போட்டதைவிட அதிக நேரமானது.

"அக்கா," என்றாள், கிளுவை இலையிடம் பேசுவதுபோல. "எம் மொறதான் இன்னிக்கி. தண்ணி வச்சிருக்கேன்."

ரெங்கம்மாள் அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள்.

"வாரேன். ஒலையில அரிசி போட்டுருக்கேன். வடிச்சிட்டு வாரேன்."

திரும்பியபோது அம்சவள்ளி கொட்டாங்கச்சிகளில் தண்ணீர் மொண்டு வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்து ஆண்டாயியின் கையில் கொடுத்தாள். ரெங்கம்மாளுக்கென்று வைத்திருப்பதைவிட இது பெரிதா சிறிதா என்று ஆண்டாயியின் கண் ஒருமுறை போய்வந்தது. கொட்டாங்கச்சியின் கண் வழியே தண்ணீர் சொட்டத் தொடங்கியது. கட்டைவிரலால் அழுத்தி அடைத்துக்கொண்டு, வாசல் திறந்திருந்த அந்தக் கோணல் வீட்டுக்கு முன்னால் காத்து நின்றாள்.