ஏழாம் தூண் எந்தக் கரையிலிருந்து

ஏழாம் தூணின் தோலை உரித்துப் பார்த்தபோது உள்ளே நோய் எதுவும் இல்லை. மூன்று நாள் இயந்திரம் வைத்துக் கொத்தியிருந்தார்கள். பாதிப் பாலத்தை மறித்து, நியூ டவுன் போகிற பேருந்துகளையெல்லாம் சுற்றுவழியில் அனுப்பி, கால்வாய்க்கு மேல் சாரம் கட்டி, நல்ல மனிதனை மேஜையில் கிடத்தி வயிற்றைக் கிழித்த மாதிரி கிழித்தாயிற்று. கம்பியில் துரு இல்லை. கான்கிரீட் கருங்கல் மாதிரி இருந்தது. அதே சமயம், எதிர்க்கரையிலிருந்து எண்ணினால் ஏழாவதாக வருகிற வேறொரு தூண், தன்னை யாரும் வந்து பார்க்கவில்லை என்ற வருத்தத்திலோ என்னவோ, தேங்காய் அளவுக்கு ஒரு கட்டியை உதிர்த்தது. கீழே நின்ற மீன்வண்டியின் இருக்கை நொறுங்கிப்போனது. வண்டிக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.

அந்த டீக்கு ஜெய்ராம் மனதுக்குள் பலமுறை நன்றி சொல்லியிருக்கிறான். ஏனென்றால் பாலத்தைத் திருப்பிப்போட்டவன் அவன்தான்.

நியூ டவுனில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் உட்கார்ந்து, பழைய பாலங்களுக்குக் கம்ப்யூட்டரில் 'மாடல்' என்று ஓர் இரட்டைப் பிறவி செய்வது அவன் உத்தியோகம். திரையில் ஒரு தூணைத் தொட்டால் அதன் ஜாதகமே வரும். எந்த வருஷம் வார்த்தது, யார் வந்து பார்த்தார்கள், எங்கே விரிசல். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய மூல வரைபடத்தில் அந்தப் பாலத்தின் ஒன்பது தூண்களுக்கும் கிழக்குக் கரையிலிருந்து எண் போட்டிருந்தது. ஜெய்ராமோ லேக் மார்க்கெட் வீட்டிலிருந்து புறப்பட்டு, பதினாறு வருஷமாக மேற்கேயிருந்து பஸ்ஸில் அதன் மேல் ஏறுகிறவன். ஏறுகிற இடத்தில்தானே பாலம் ஆரம்பிக்கும்? வரைந்தவர் ஏதோ தூக்கக் கலக்கத்தில் போட்டுவிட்டார் என்று முடிவு கட்டி, ஒன்றை ஒன்பதாக்கி, ஒன்பதை ஒன்றாக்கி, ஒரே சொடுக்கில் சரிசெய்தான். அன்றைக்குத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் வித்யாலக்ஷ்மி, ஏழாம் தூணில் விரிசல் என்று அறிக்கை கொடுத்திருந்தாள். கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். கயிற்றில் தொங்கியபடி சுத்தியலால் தட்டி, எழும்புகிற சத்தத்தை வைத்தே கான்கிரீட்டின் மனதைச் சொல்லிவிடுவாள். வங்காளிகள் அண்ணனை அழைக்கிற மாதிரி அவனை 'ஜெய்தா' என்றுதான் கூப்பிடுவாள். எண் கரை மாறியபோது அவளுடைய அறிக்கையும் புகைப்படங்களும் கையெழுத்தும் கூடவே போய், ஆரோக்கியமான தூணில் ஒட்டிக்கொண்டன. அவள் எழுதியதும் ஏழு. மாடல் சொன்னதும் ஏழு. இரண்டு ஏழுக்கும் நடுவில் ஒரு கால்வாய் ஓடியது.

விசாரணையில் அவள், பழைய வரைபடத்தில் கிழக்கிலிருந்துதான் எண் இருந்தது என்றாள். மாடல் வந்த பிறகு பழைய வரைபடம் எதுவும் செல்லாது என்றார்கள். 'உண்மை ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும்' என்று அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதியே மாட்டியிருக்கிறது. ஆகவே அவள்தான் தப்பான கரையிலிருந்து எண்ணியிருக்கிறாள் என்று முடிவாயிற்று. அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர் பட்டியலிலிருந்து அவள் பெயரை வெள்ளிக்கிழமை எடுத்துவிடுவார்கள். அப்புறம் எந்தப் பாலத்திலும் அவள் தட்டலாம். கையெழுத்துப் போட முடியாது.

அந்தக் கூட்டத்தில் குறிப்பெடுத்தவன் ஜெய்ராம். "மாடலில் யாராவது ஏதாவது மாற்றினீர்களா?" என்று தலைவர் பொதுவாகக் கேட்டபோது அவன் பேனா கீழே விழுந்தது. மேஜைக்கு அடியில் அதைத் தேட அவனுக்கு நிறைய நேரம் பிடித்தது. நிமிர்ந்தபோது அவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போயிருந்தார்கள்.

மாடல் எதையும் மறப்பதில்லை என்பதுதான் கொடுமை. யார், எப்போது, என்ன மாற்றினார் என்று அதற்குள்ளேயே ஒரு பதிவு ஓடிக்கொண்டிருக்கும். அவன் பெயர், தேதி, மாலை நாலு ஐம்பத்திரண்டு, குறிப்பு என்ற இடத்தில் அவனே தட்டியிருந்த 'பிழை திருத்தம்'. யார் வேண்டுமானாலும் திறக்கலாம், யாரும் திறக்கவில்லை. அவன் மட்டும் தினமும் திறந்து, தன் குற்றம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்து மூடினான். தவறின் காரணத்தைத் தெரிவிக்கத் தனிப் படிவமே உண்டு. அதில் தேர்ந்தெடுக்க நான்கு பதில்கள்: தரவு, கருவி, செயல்முறை, பிற. 'பிற' என்பதன் மேல் விரலை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான். நாற்பத்தொரு வயதில் தான் ஒரு 'பிற' என்று ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

கடைசியில் மேலதிகாரி சந்தானத்தின் அறைக்குப் போனான்.

"சார், அந்த நம்பர் விஷயம். நான்தான் மாத்தினேன்."

சந்தானம் முதலில் கதவைப் பார்த்தார். "மாடல்னு இருந்தா ஆயிரம் மாத்தம் நடக்கும். சிஸ்டம் ஒரு வார்னிங் கொடுத்திருக்கணும். கொடுக்கலை. சாஃப்ட்வேர்க்காரன் தப்பு."

"கொடுத்தது சார். நிச்சயமான்னு கேட்டது. ஆமான்னேன்."

"அதையெல்லாம் யார் படிக்கறா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணுக்கு வேற எங்கயாவது பார்த்துக்கலாம். நீ போட்டுக் குடையாதே. ஆத்துக்குப் போய் நிம்மதியாத் தூங்கு."

அப்போது காலை மணி பதினொன்று.

வீட்டில் மனைவி அனுராதாவிடம் சொன்னான். முழுக்கக் கேட்டுவிட்டு, "வேணும்னா பண்ணேள்? போறது, சாப்பிடுங்கோ" என்று மோரை ஊற்றினாள். தன்னைத் திட்டுவதற்குக்கூடத் தகுதியான ஆள் இந்த ஊரில் கிடைக்கவில்லையே என்று ஜெய்ராம் மோர்சாதத்தைப் பிசைந்தான். எல்லாரும் அவனுக்காக இரக்கப்பட்டார்கள். அந்த இரக்கத்தை வாங்கிக்கொள்ள அவன் கையும் கூசாமல் நீண்டது.

புதன்கிழமை மதியம் பாலத்துக்கு அடியில் போனான். மறுநாள் வரப்போகிற புது ஆய்வாளரிடம் ஒப்படைப்பதற்கு முன், முட்டுக்கொடுக்க வேண்டிய இடங்களை வித்யாலக்ஷ்மி தனியாக அளந்துகொண்டிருந்தாள். சேறு கணுக்கால்வரை அப்பியிருந்தது.

"என்ன ஜெய்தா, ஆறாம் மாடியில ஏசி ரிப்பேரா?"

"சும்மா. நிஜப் பாலம் எப்படி இருக்கும்னு பாக்க வந்தேன்."

"இதுல ஜூம் பண்ண முடியாது. கிட்டக்க வந்துதான் பாக்கணும்."

அவன் கிட்டப் போனான். புது ஷூவோடு சேற்றில் நின்றுகொண்டு, பஸ், வரைந்தவரின் தூக்கக் கலக்கம், நாலு ஐம்பத்திரண்டு, வார்னிங், பேனா எல்லாவற்றையும் சொன்னான். நடுவில் இரண்டு இடத்தில் சிரிப்பு வருகிற மாதிரிச் சொல்லிப்பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி அதன் விளிம்பிலிருந்த சிமெண்ட் பொடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பேனா விழுந்துதா, போட்டீங்களா?"

"போட்டேன்."

"தூர்," என்றாள் மெதுவாக. வங்காளிகள் சலித்துப்போய்ச் சொல்கிற சொல் அது. பிறகு அளவு நாடாவின் நுனியை அவனிடம் நீட்டினாள். "இதைத் தூணோட ஒட்டிப் பிடிங்க. ஆட்டாதீங்க."

அவன் பிடித்தான். கொஞ்ச நேரம் கழித்து, இரண்டு நாளாக மனதில் செதுக்கிச் செதுக்கி வைத்திருந்த கேள்வியைக் கேட்டான்.

"இனிமே போய் நான் சொன்னா உனக்கு ஏதாவது பிரயோஜனம் இருக்குமா வித்யா? இல்லே, வீணாக் குழப்பம்தான் மிஞ்சுமா?"

தப்பித்து ஓட வாசல் வைத்துக் கட்டிய கேள்வி என்று அவனுக்கே தெரிந்தது. சந்தானம் மாதிரி, அனுராதா மாதிரி, இவளும் 'விடுங்க ஜெய்தா' என்று சொல்லிவிடுவாள். அதைக் கேட்க அவன் காது தயாராகக் காத்திருந்தது. அதற்கு என்ன முகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தான்.

அவள் நாடாவை விரித்தபடி சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடந்தாள். அடுத்த தூணுக்குப் போய், குனிந்து, அளவைப் படித்து, குறிப்பேட்டில் எழுதினாள். பிறகு அங்கிருந்தே நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"இருக்கும்," என்றாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள சொன்னா எனக்குப் பிரயோஜனம். அதுக்கப்பறம் சொன்னா உங்களுக்கு மட்டும்தான்."

மேலே ஓர் ஆட்டோ தடதடத்துக் கடந்தது. தூணிலிருந்து மெல்லிய பொடி உதிர்ந்து, இருவருக்கும் நடுவே முறுக்கேறி நின்ற மஞ்சள் நாடாவின் மேல் படிந்தது. அவள் மறுமுனையை இன்னும் கொஞ்சம் இழுத்தாள். நாடாவின் பூஜ்யம் அவன் கட்டைவிரலுக்கு அடியில் நழுவப் பார்த்தது. நகம் வெளுக்கும்வரை அதைத் தூணோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.