தூரத்துக்கு வைத்த கண்

ஒரு கண்ணில் புரை வெட்டிக் கட்டை அவிழ்த்ததும் என் புருஷன் ஹயாத்து முகம்மது என்னைக் கடற்கரைக்குத்தான் கூட்டிப்போனார். கற்பிட்டியில் மீன்பிடிக்கிறவர்களுக்குக் கண் சோதனை அது ஒன்றுதான். தூரத்தில் வருகிற படகு யாருடையது என்று சொல்லிவிட்டால் நல்ல கண்.

"அந்தா வாறது ஆர்ட போட்?"

"செய்னுலாப்தீன் நானாட. நீலம், முன்னுக்குச் சிவப்புக் கோடு."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று கரை முழுக்கக் கேட்கக் கத்தினார். நான் மற்றக் கண்ணை மூடிக்கொண்டு என் உள்ளங்கையைப் பார்த்தேன். ஒரு ரேகையும் தெரியவில்லை.

பிறந்ததிலிருந்தே எனக்குத் தூரம் தெரியாது. கிட்டம்தான் என் சொத்து. பெண்கள் மேலே போடும் கறுப்பு அபாயாவில் கறுப்பு மணி தைப்பது என் தொழில். துணியை முகத்தோடு ஒட்டிப் பிடித்தால் ஒவ்வொரு மணியும் மிளகளவு தெரியும். 'மூக்கால தைக்கிறவ' என்று ஊரே கிண்டல் பண்ணும். பண்ணட்டும். எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டது அந்த மூக்குத் தையல்தான்.

கண்ணை அளந்த அன்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார்: புரையை எடுத்துவிட்டு வைக்கிற வில்லை தூரத்துக்கா, கிட்டத்துக்கா? அவ்வளவு சிங்களம் எனக்கும் விளங்கும். நான் வாய் திறக்கமுன் இவர் "தூரத்துக்கு" என்றுவிட்டார். கடலுக்குப் போகிறவருக்குக் கண் என்றால் தூரம்தானே. நாலு பேருக்கு முன்னால் புருஷனை மறுத்துக் கதைப்பதா என்று நானும் பேசாமல் இருந்தேன். அந்த நேரத்தை நினைத்தால் என்னை நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

முறையிடப் போனபோது டாக்டர் படம் கீறிக் காட்டினார். கண்ணின் முன்பக்கச் சவ்வு ஒளியை வளைத்து உள்ளே விடுமாம். மிச்ச வேலை வில்லைக்கு. அதைச் சுற்றி ஒரு சின்னத் தசை. கிட்டத்தில் பார்த்தால் தசை இறுகி வில்லை உப்பும். தூரம் பார்த்தால் தசை தளர்ந்து வில்லை தட்டையாகும். அப்போதுதான் உருவம் பின்னாலுள்ள திரையில் தெளிவாக விழும். வயது போனால் வில்லை விறைத்துவிடும். இவர்கள் வைத்த பிளாஸ்டிக் வில்லையோ உப்பவும் மாட்டாது, தட்டையாகவும் மாட்டாது. கிட்டத்துக்குக் கண்ணாடி போடு என்றார்.

போட்டேன். கண்ணாடிக்குத் துணியை ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டும். அங்கே மிளகு கடுகாகிவிட்டது. புத்தளத்தில் கடை வைத்திருக்கும் ரம்ஸியா ஒரு கல்யாண அபாயாவைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தாள்.

"வரி கோணிப் போச்சு ராத்தா. பொண்ணு வீட்டாக்கள் ஏசுறாங்க."

முப்பது வருஷத்தில் என் கையிலிருந்து போனது ஒன்றும் திரும்பி வந்ததில்லை. அன்றைக்கு அடுப்படியில் இருந்து அழுதேன்.

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். உண்மைதான். கடலில் நிற்கும்போது என் புருஷன் வடிவாகத்தான் தெரிகிறார்.

நேற்று மற்றக் கண்ணை வெட்டும் நாள். நேர்ஸ் கோப்பைப் பார்த்து, "இதுக்கும் தூரம்" என்றாள். அன்றைக்கே இரண்டுக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்!

"ரெண்டும் ஒரு மாதிரி இருந்தாத்தானே நல்லம்?" என்றார் இவர்.

நான் டாக்டரிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கிட்டத்துக்கு என்றேன். செய்யலாம், ஆனால் வேறு வில்லை எடுக்க வேண்டும், இரண்டு மாதம் பொறு என்றார்.

"ரெண்டு மாசம் அரைக் குருடா இருக்கப் போறியா?" என்று இவர் கத்தினார்.

"பொக கட்டின இந்தக் கண்ணுல எனக்கு ஊசி தெரியும். நீங்க கேட்டு வாங்கித் தந்த கண்ணுல, பக்கத்துல இருக்கிற நீங்களே தெரியிறல்ல."

வெட்டாமலே திரும்பிவந்த பஸ்ஸில் ஒரு சாண் தள்ளி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தார். எனக்கு அந்த முகம் வெறும் கலங்கல்தான். தெளிவாகப் பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. புதுக் கண்ணை மூடிக்கொண்டு, பைக்குள் இருந்த அபாயாவை மூக்குவரை இழுத்து, கோணிய மணிகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினேன்.