குளியலறைக்கு ஒரு முறைப்பட்டியல்

பொருள் தேடிக் கடல் கடந்து போனவனுக்காக ஏங்குவதற்குப் பழம்பாட்டில் இலக்கணம் உண்டு. நாள்தோறும் காலை எட்டு மணிக்குத் தவறாமல் வீடு திரும்புகிறவனுக்காக ஏங்குவதற்கு எந்தப் புலவனும் துறை வகுத்து வைக்கவில்லை. அவளுக்கு வாய்த்ததோ அந்த ஏக்கம்தான்.

அவள் கணவன் மருத்துவமனையில் செவிலியன். எட்டு மாதமாக இரவுப்பணி. மாலை ஐந்தரைக்குக் கிளம்பினால் மறுநாள் காலை எட்டுக்குத்தான் வருவான். அவள் நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டவணை எழுதுகிறவள். காலை ஏழரைக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்குத்தான் திரும்புவாள். ஞாயிறும் திங்களும்கூடச் சில மாலைகளில் ஒரே வானத்தில் எதிரெதிரே நின்று முகம் பார்த்துக்கொள்கின்றன. இவர்களுக்கு அந்தப் பேறும் இல்லை. செவ்வாய் இரவு மட்டும் அவனுக்கு விடுப்பு. அந்த ஓர் இரவையும் உறக்கம் விழுங்கிவிடும். சோற்றுத் தட்டின் முன்னாலேயே அவன் தலை தொங்கத் தொடங்கும்.

"சாப்பிட்டுட்டுத் தூங்குங்களேன்."

"தூங்கலம்மா. கண்ணைத்தான் மூடியிருக்கேன்." அந்தச் சொல் முடியுமுன் குறட்டை வந்து பின்பாட்டுப் பாடும்.

இப்படி இருவர் நேரம் மாற்றி வாழ்ந்த வீட்டில் முதலில் கெட்டது குளியலறை. குழாயில் வருவதோ உப்புத் தண்ணீர். தரையில் வழுக்கல், பீங்கானில் மஞ்சள் கறை, சல்லடையில் முடிச் சுருள். அவன் செய்வான் என்று அவளும், அவள் செய்வாள் என்று அவனும் இருந்ததில் கறை மட்டும் யாரையும் எதிர்பாராமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஒருநாள் அவள் வழுக்கி, வாளியைப் பிடித்துத் தப்பினாள். அன்றே ஒரு முழுத்தாளை எடுத்துக் கோடு போட்டாள்.

அட்டவணை எழுதுவது அவளுக்குக் கைவந்த கலை. நாள், வேலை, யார், கையொப்பம், குறிப்பு என்று ஐந்து கட்டங்கள். திங்கள்: பிளீச்சிங் பவுடர் தூவி ஊறவைத்துக் கழுவுதல், அவன். செவ்வாய்: வாளி, குவளை, அவள். புதன்: கண்ணாடியும் முகம் கழுவும் தொட்டியும், அவள். வியாழன்: ஆசிட் ஊற்றிப் பீங்கான் கறை நீக்குதல், அவள். வெள்ளி: தரை தேய்த்தல், அவன். சனி: குழாய்களும் சல்லடையும், அவன். ஞாயிறு: ஓய்வு. தாளைக் குளியலறைக் கதவில் ஒட்டினாள். மறுநாள் மாலை வந்து பார்த்தபோது, அடியில் அவன் சிவப்பு மையில் எழுதியிருந்தான்: 'பவுடரும் ஆசிட்டும் ஒண்ணு சேரவே கூடாது. சேர்ந்தா விஷப்புகை. வார்டுல முதல் பாடமே இதுதான்.'

குறிப்பு என்ற கட்டத்தை அவள் ஒழுங்குக்காகத்தான் போட்டாள். அது எப்போது கடிதமாக மாறியது என்று அவளுக்கே தெரியாது. ஒரு சனிக்கிழமை அவன் எழுதினான்: 'குழாய் பளபளன்னு இருக்கு. முகம் தெரியுது. ஆனா என் முகம் மட்டும்தான்.' அவள் அதைப் படித்துவிட்டு நெடுநேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த புதன்கிழமை அவள் கட்டத்தில் இப்படி இருந்தது: 'கண்ணாடி துடைத்தாயிற்று. ஓரத்தில் உங்கள் சவர நுரை ஒரு துளி காய்ந்திருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டேன்.'

அதே மாடியில் எதிர்வீட்டுத் தையல்கார அக்கா ஒருமுறை உப்புக் கேட்டு வந்தவள் அந்தத் தாளைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கக்கூஸ் கதவுல காதல் கடிதம் எழுதற குடும்பத்தை இன்னைக்குத்தான்டி பாக்கறேன்! ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் இருக்கீங்களா, இல்ல பகலை அவரும் ராத்திரியை நீயும் வாடகைக்கு எடுத்திருக்கீங்களா?"

அவளும் சிரித்தாள். சிரித்து முடித்தபின் நெஞ்சில் ஏதோ தங்கிவிட்டது.

மூன்று மாதம் ஓடிற்று. இந்த மூன்று மாதத்தில் அவள் ஒரு கள்ளத்தனம் பழகியிருந்தாள். வெள்ளிக்கிழமை அவன் குனிந்து தரை தேய்க்க வேண்டும். இரவெல்லாம் நோயாளிகளைத் தூக்கிக் கிடத்தி ஒடிந்த முதுகு அது. எனவே வியாழன் மாலையே அவன் பங்குத் தரையை அவள் முக்கால்வாசி தேய்த்துவிடுவாள். கையொப்பம் இடமாட்டாள். நூலகத்தில் ஒரு புத்தகத்தை இடம் மாற்றி வைத்தாலே பொறுக்காதவள், வீட்டில் பொய்க்கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்த வியாழனும் அப்படித்தான். வேலையிலிருந்து வந்தவள் கைப்பையை எறிந்துவிட்டு நேரே குளியலறைக்குப் போனாள். பீங்கானில் வெண்மையாக ஏதோ படிந்திருந்தது. உப்பு என்று எண்ணினாள். பிளீச்சிங் நெடி அந்த அறையில் என்றும் உள்ளதுதானே? ஆசிட் பாட்டிலைத் திறந்து தாராளமாக ஊற்றினாள்.

சீறல் கேட்டது. மஞ்சள் கலந்த புகை ஒன்று பாம்பு படம் எடுப்பதுபோல் எழுந்தது. அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். இழுத்தது காற்றன்று, நெருப்பு. கண் எரிந்தது, தொண்டை இறுகியது. கதவைத் தேடிய கைக்குச் சுவர்தான் கிடைத்தது. மறுபடி சுவர். பிறகு எப்படியோ கதவு. இருமிக்கொண்டே கூடத்தைக் கடந்து வாசலில் விழுந்தாள்.

தையல்கார அக்கா கழுத்தில் அளவுநாடாவோடு ஓடிவந்தாள். அவளைத் தன் வீட்டுப் பால்கனிக்கு இழுத்துப்போய், கண்ணில் தண்ணீரை அள்ளி அள்ளி அடித்தாள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு போய் இந்த வீட்டுச் சன்னல்களையெல்லாம் திறந்துவிட்டாள். அப்புறம் அவனுக்குத் தொலைபேசினாள். "தம்பி, உயிருக்கு ஒண்ணுமில்ல. ஆனா நீ வா."

வந்தான். சீருடை மாற்றாமல், மூச்சிரைக்க வந்தான். அவள் விழிகளை விளக்கொளியில் பார்த்தான்; முதுகில் காதை வைத்து மூச்சைக் கேட்டான்; விரல்நுனியில் கருவி மாட்டி ஆக்சிஜன் எண் பார்த்தான். எண் நன்றாக இருந்தது. அதன் பிறகுதான் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பவுடர் யாருங்க போட்டது?" அவள் குரல் கரகரத்தது.

"நான்தான்."

"இன்னைக்கு என் முறை. கட்டம் போட்டு எழுதியிருக்கேன். படிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"செவ்வாய்க்கிழமை உன் விரலைப் பாத்தேன். ஆசிட் பட்டு வெடிச்சுக் கிடந்துச்சு. நானே பவுடர் போட்டு வெளுப்பாக்கிட்டா நீ ஆசிட்டைத் தொடமாட்டேன்னு நெனச்சேன். ஊறட்டும்னு விட்டேன். கழுவறதுக்குள்ள வார்டுலேர்ந்து போன், விபத்துக் கேஸ் வந்திருக்கு, ஓடி வான்னு. மறந்துட்டேன்."

"செவ்வாய்க்கிழமை நீங்க தூங்கிட்டில்ல இருந்தீங்க?"

"கண்ணைத்தான் மூடியிருந்தேன்னு சொன்னேனே."

அவள் இருமினாள், இருமலுக்கு நடுவே அழுகை வந்தது. அழுகையினூடே தன் குற்றத்தையும் சொல்லிவிட்டாள்: வெள்ளிக்கிழமைத் தரையை, பன்னிரண்டு வாரமாக.

"அதானே பாத்தேன்!" என்றான் அவன். "தேய்க்கப் போனா தரை ஏற்கெனவே பளிச்சுன்னு இருக்கும். என் கை ராசின்னு நெனச்சுக்கிட்டேன்."

தையல்கார அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "நல்லா இருக்குடா உங்க நியாயம்! அவ வேலையை நீ திருட, உன் வேலையை அவ திருட. அப்புறம் எதுக்கு அந்தத் தாளு? கதவுக்குச் சட்டையா? விஷயத்தை வாயைத் திறந்து பேசித் தொலைங்க. எனக்கு ரவிக்கை தைக்கணும்." அவள் உள்ளே போய்த் தையல் இயந்திரத்தை வேண்டுமென்றே உரக்க ஓட்டினாள்.

பால்கனியில் இருவர் மட்டும். கீழே தெருவில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மாலைப் பொழுதில் அவன் தோள் தன் தோளில் படுவது எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று எண்ணப் பார்த்து, எண்ணாமல் விட்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான். "ஞாயித்துக்கிழமை எங்க போற? நான் வர்றதுக்கு முன்னாடியே பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடற. மதியம்தான் வர்ற."

"நான் வீட்டுல இருந்தா பாத்திரச் சத்தம், குழாய்ச் சத்தம். நீங்க தூங்க வேண்டாமா?"

"நாலு மணி நேரம் அப்படி என்ன வாங்கற?"

"ஒண்ணும் வாங்கல. கடைசியில ரெண்டு காய். மத்த நேரமெல்லாம் பூங்காவுல, மரத்தடி பெஞ்சுல."

அவன் மெல்லச் சொன்னான்: "வாரத்துல ஒருநாள்தான் லீவு, அவளுக்கும் நாலு இடம் போகணும்னு இருக்கும்னு நான் நெனச்சுக்கிட்டேன். தூங்கினதே இல்லம்மா. படியில உன் செருப்புச் சத்தம் வருதான்னு கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன். அது வந்ததும்தான் கண்ணு சொக்கும்."

மதியம் அவள் பூனைபோல் நுழையும்போதெல்லாம் அவன் ஆழ்ந்த உறக்கத்தில் இருப்பான். நல்லவேளை, தொந்தரவு செய்யாமல் இருந்தோம் என்று அவள் மகிழ்ந்திருந்தாள்! இத்தனை மாத ஞாயிறுகளும் வெறும் பெஞ்சும் அவள் கண்முன் வந்து நின்றன.

புகை அடங்கியிருந்தது. அவன் மட்டும் உள்ளே போய்த் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றிக் கழுவிவிட்டு, ஆசிட் பாட்டிலை இறுக மூடி ஒரு பையில் கட்டினான். அவள் கதவிலிருந்த தாளைப் பிரித்தெடுத்து, சாப்பாட்டு மேசையில் வைத்துப் பின்பக்கம் கோடு போட உட்கார்ந்தாள். கோடு போடத் தேவைப்படவில்லை. ஒரே வரி எழுதினாள்: 'ஞாயிறு, காலை எட்டரை. எல்லா வேலையும். இருவரும்.'

அவன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான். "சோப்புத்தூளும் பிரஷ்ஷும் மட்டும்தான். இந்தச் சனியன் பாட்டில் இனி வீட்டுக்குள்ள வரக் கூடாது."

"அப்போ உப்புக் கறை?"

"போகாது."

"போகலன்னா?"

"அடுத்த ஞாயிறும் தேய்ப்போம்."

"உங்க தூக்கம்?"

"தேய்ச்சுட்டுத் தூங்கறேன். நீ பாத்திரத்தை உருட்டு. நல்லா உருட்டு."

அவனுக்குக் கிடைத்த அனுமதி ஒரு மணி நேரம்தான். வார்டில் நாற்பது கட்டில்கள் அவனுக்காகக் காத்திருந்தன. புறப்படுமுன் அவள் விரலுக்குக் களிம்பு பூசிக் கட்டுப் போட்டான். ஒரு கட்டுக்கு அத்தனை நேரம் ஆகாது என்று அவளுக்கும் தெரியும், ஆயிரம் கட்டுப் போட்ட அவனுக்கும் தெரியும். முடிச்சை இரண்டுமுறை அவிழ்த்துக் கட்டினான்.

"ராத்திரி மூச்சு முட்டினா உடனே கூப்பிடு. அக்காவைப் பக்கத்துல படுக்கச் சொல்லியிருக்கேன்."

"சரிங்க."

"போயிட்டு வர்றேன்."

படியில் அவன் காலடி இறங்கிப் போவதைக் கடைசிப் படிவரை கேட்டாள். பிறகு பால்கனிக்கு வந்து, தெருமுனை திரும்பும்வரை அந்த வெள்ளைச் சீருடையைப் பார்த்தாள். வெள்ளி, சனி என்று கட்டுப் போடாத கையின் விரலை மடக்கினாள். மடக்கிய விரலை நிமிர்த்தி மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். வியாழனே இன்னும் முடிந்தபாடில்லை.