மணையில் ஒன்றேகால் மணி நேரம்

"உட்காருங்கள்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பாலகொல்லுவில் எந்த வீட்டு வாசலில் கால் வைத்தாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். உட்காருவேன். இரண்டு நிமிடம் ஆகாது, தொடைக்குள் என்னவோ புறப்பட்டு வரும். வலி இல்லை, அரிப்பு இல்லை, மரத்துப்போவதும் இல்லை. எழுந்திரு, நட என்று உடம்பே பிடித்துத் தள்ளும். நடந்தால் கொஞ்சம் அடங்கும். நின்றால் இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறிக்கொண்டே நிற்பேன்.

பன்னிரண்டு வருடமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வெள்ளை மாத்திரை விழுங்குகிறேன். அதற்கு முன்னால் எனக்குக் குரல்கள் கேட்டன. சுவருக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர் கூடி என் குடும்பத்தைப் பற்றிக் கெட்டது கெட்டதாகப் பேசுவார்கள். மாத்திரை அவர்களை விரட்டிவிட்டு, தான் வந்து என் காலில் குடியேறிக்கொண்டது.

இதை வைத்து ஊரில் நான் சம்பாதித்த நல்ல பெயர் இருக்கிறதே! சிவன் கோயிலில் தினம் நூற்றெட்டுப் பிரதட்சிணம் வருவேன்; ராஜ்யலட்சுமிக்கு இருக்கிற பக்தி யாருக்கு வரும் என்பார்கள். யார் வீட்டு விசேஷமானாலும் பந்தியில் பரிமாறுவேன். கடைசிப் பந்திவரை உட்கார மாட்டாள், என்ன உழைப்பு என்பார்கள். பஸ்ஸில் என் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவேன், தங்கமான மனசு. பிரதட்சிணம் எதற்கென்று உள்ளே இருந்த சிவனுக்கு மட்டும் தெரியும்.

என் கணவர் வீரபத்ர ராவுக்குத் தெரியாது. பெயரில் மட்டும்தான் வீரம். தேங்காய் மண்டி வைத்திருக்கிறார். காயைக் காதோரம் ஆட்டிப் பார்த்தே உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடுவார். பெண்டாட்டி காலை ஆட்டுவது மட்டும் கண்ணில் படாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்னை ராஜமுந்திரிக்கு டாக்டரிடம் அழைத்துப்போவார். "எப்படி இருக்கீங்கம்மா?" என்று டாக்டர் என்னைத்தான் கேட்பார். பதில் இவர் சொல்வார்.

"சூப்பரா இருக்கா சார். மெஷின் மாதிரி வேல பாக்கறா. ஒரு நிமிஷம் உக்கார மாட்டா."

டாக்டருக்குச் சந்தோஷம். அதே மாத்திரையை எழுதித் தருவார். நான் வாய் திறந்தால் மாத்திரையை மாற்றிவிடுவாரோ, சுவருக்குப் பின்னால் இருந்தவர்கள் திரும்பி வந்துவிடுவார்களோ என்று பயந்து நானும் பேசாமல் இருப்பேன், மேசைக்கு அடியில் தரையை மிதித்துக்கொண்டு.

எங்கள் ஒரே மகள் லிகிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நாள் குறித்த மறுநாளே என் ஓர்ப்படி பிரமராம்பா வந்தாள். அவள் வீட்டுக்காரர் என் கணவருக்கு அண்ணன்.

"ராஜ்யம், நான் சொல்றதத் தப்பா எடுத்துக்காத. கன்னிகாதானத்துக்கு மணையில நானும் எங்க வீட்டுக்காரரும் உக்காந்துடறோம்."

"ஏங்க்கா, நான் செத்தா போயிட்டேன்?"

"வாயக் கழுவு. நல்ல காரியம் பேசறப்ப பேசற பேச்சா இது? உன்னால ஒரு எடத்துல இருக்க முடியுதா? இப்பவே பாரு, ஊஞ்சல் இல்லாமலே ஆடற. மாப்ள வீட்டுல அத்தன பேர் கண்ணும் உன் மேலதான் இருக்கும். பழைய கத வெளிய வந்தா பொண்ணோட கதி என்னன்னு யோசிச்சியா?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அண்ணி சொல்றதுலயும் ஒரு நியாயம்..." என்று ஆரம்பித்துவிட்டு மறுபடியும் துடைத்தார். அந்தக் கண்ணாடியைப் பிடுங்கித் தெருவில் எறியலாம் என்று இருந்தது.

"பெத்தவ நான். நான்தான் உக்காருவேன்" என்றேன்.

எங்கள் ஊரில் மணையில் உட்கார்கிறவள்தான் பெண்ணின் தாய். மற்ற எல்லோரும் கல்யாணத்துக்கு வந்தவர்கள், அவ்வளவுதான். சாஸ்திரிகளைக் கேட்டேன். "ஒண்ணேகால் மணி நேரம்மா, நடுவுல எந்திரிக்கக் கூடாது" என்றார். அன்று மத்தியானமே பூஜை அறையில் மணையைப் போட்டு எதிரே கடிகாரத்தை வைத்து உட்கார்ந்து பார்த்தேன். பதினோரு நிமிடம். பன்னிரண்டாவது நிமிடம் நான் கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன், அழுதுகொண்டு.

அப்புறம் நான் செய்தது அசட்டுத்தனம். மாத்திரையை வாயில் போடுவதுபோல் போட்டுத் துப்பி மஞ்சள்தூள் டப்பாவுக்குள் புதைத்தேன். கல்யாணம் முடிகிறவரைதானே, அதற்குள் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் நாள் லிகிதா பருப்புக்கு மஞ்சள் எடுக்கப் போனாள். திரும்பி வந்து உள்ளங்கையை விரித்தாள். நான்கு மாத்திரைகள், மஞ்சள் பூசி மணப்பெண்ணாட்டம்.

"கால்வாக் கரை மறந்துபோச்சா அம்மா?"

மறக்குமா? பத்து வருடத்துக்கு முன்னால் ஒருமுறை இப்படித்தான் நிறுத்தினேன். இரண்டாம் வாரம் அவள் பள்ளிக்கூடத்துக்குள் போய், பாடம் நடந்துகொண்டிருந்த வகுப்பிலிருந்து அவளை இழுத்துக்கொண்டு வந்தேன், யாரோ அவளைக் கொல்ல வருகிறார்கள் என்று. சாயங்காலம்வரை கால்வாய்க் கரையில் ஒளிந்திருந்தோம். பதினாலு வயது அவளுக்கு. அழவில்லை. நான் எழுந்து ஓடிவிடாமல் இருக்க என் செருப்பை மட்டும் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன் கல்யாணத்துல உக்காரணும்டி. வேற ஒண்ணும் இல்ல" என்றேன். காலைப் பற்றி முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். கோயில், பந்தி, பஸ் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே அந்த நான்கையும் குப்பையில் போட்டாள். அட்டையிலிருந்து புதிதாக ஒன்றை உடைத்து என் வாயில் போட்டு, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள்.

மறுநாள் காலை அவளே என்னை ராஜமுந்திரிக்கு அழைத்துப்போனாள். டாக்டர் "எப்படி இருக்கீங்கம்மா?" என்றார். இவள் வாயே திறக்கவில்லை. நான் எழுந்து நின்றேன்.

"என்னால உக்கார முடியல சார். பன்னெண்டு வருஷமா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இது மாத்திர பண்ற வேலம்மா. ஏன் இத்தன நாளா சொல்லல?"

"எங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டுதானே சார் இருந்தாரு? ஒரு நிமிஷம் உக்கார மாட்டான்னு."

லிகிதா சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. "நானும் காதுல வாங்கியிருக்கணும்" என்றார். மாத்திரையைத் தான் சொல்கிறபடி மெதுவாகத்தான் குறைக்க வேண்டும், நாங்களாக நிறுத்தவே கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். காலுக்கென்று சின்னதாக இன்னொரு மாத்திரை எழுதினார். "கல்யாணத்துக்குள்ள சரியாயிடும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். சில பேருக்கு நல்லாக் கேக்கும், சில பேருக்குக் கொஞ்சம்தான்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னோம். "என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார்.

"நீங்க எங்க கேட்டீங்க? பெருமை அடிச்சிக்கவே நேரம் சரியா இருந்துது உங்களுக்கு."

அவர் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் மண்டியிலிருந்து சீக்கிரம் வந்தார். பூஜை அறையில் என் மணைக்குப் பக்கத்தில் இன்னொரு மணையைப் போட்டு உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தினம் இப்படி உட்கார்ந்தோம். பதினான்கு நிமிடம், பதினெட்டு, ஒருநாள் மறுபடியும் ஒன்பது. கல்யாணத்துக்கு முந்தின நாள் இருபத்தாறு. அவர் நிமிடக் கணக்கை மட்டும் சொல்வார். தைரியம் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

முகூர்த்தம் காலை பத்தே முக்காலுக்கு. பிரமராம்பா எனக்கும் மேலாகப் பட்டு உடுத்தி, வீட்டுக்காரருக்கும் பட்டு வேட்டி கட்டிவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும்னுதான்" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. அவள் பயம் அவளுக்கு.

மணையில் உட்கார்ந்தோம். சாஸ்திரிகள் என் முந்தானையையும் அவர் மேல்துண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே பிடித்திருந்த திரைக்கு அந்தப் பக்கம், எங்கள் வழக்கப்படி லிகிதாவைக் கூடையில் உட்காரவைத்து அவள் தாய்மாமன், என் தம்பி, தூக்கிவந்து இறக்கியது கேட்டது. எதிரே மாப்பிள்ளை பிரணீத். கோத்திரம், கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா என்று பெயர்களைச் சொல்லத் தொடங்கினார்கள். அதை மூன்று தரம் சொல்ல வேண்டும். இரண்டாவது தரத்தில் புறப்பட்டுவிட்டது. கட்டைவிரலை மடக்கினேன். தொடையைக் கிள்ளினேன். நூறிலிருந்து பின்னால் எண்ணினேன். மணை தரையில் தட்டத் தொடங்கியது, டக் டக் என்று. முதல் வரிசையில் தலைகள் திரும்பின. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று என் மகளை நினைத்துக்கொண்டே இருந்தேன். மாப்பிள்ளையின் காலைக் கழுவ என் கணவர் தாம்பாளத்தை இழுத்தார். நான் சொம்பைத் தூக்கினேன். சொம்போடு எழுந்துவிட்டேன்.

முடிச்சு இழுத்தது. என் கணவரின் துண்டு கழுத்தில் விறைக்க, அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"உக்காரும்மா, உக்காரு" என்றார் சாஸ்திரிகள். அவர் சட்டையில்லா மார்பில் தொங்கிய மைக் அதை மண்டபம் முழுக்கச் சொன்னது. மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பிரமராம்பா புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்து மேடைப் படியில் கால் வைத்தாள். என் கணவரின் கை முடிச்சுக்குப் போனது. அவிழ்க்கப் போகிறார் என்று நினைத்தேன். இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் அந்த ஒரு நொடியில்தான் அவரை நான் முழுக்க வெறுத்தேன்.

அவர் முடிச்சை இன்னும் இறுக்கினார். முழங்காலில் கையூன்றி எழுந்து என் பக்கத்தில் நின்றார்.

"என் பொண்டாட்டியால உக்கார முடியாது சாமி. பன்னெண்டு வருஷமா மனசுக்கு மாத்திர சாப்பிடறா, அது கால உக்கார விடாது. நாங்க நின்னுக்கிட்டே குடுக்கறோம். நீங்க மந்திரம் சொல்லுங்க."

மைக் இதையும் விடவில்லை. அறுநூறு பேர் கேட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சாஸ்திரிகள் புத்தகத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிரணீத் தாம்பாளத்திலிருந்து காலை எடுக்கவில்லை.

"ஊத்துங்க அத்த" என்றான். "லிகிதா என்கிட்ட எப்பவோ சொல்லிட்டா."

திரைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கால்வாய்க் கரையில் அழாதவள்.

நான் நின்றபடி ஊற்றினேன். என் கணவர் குனிந்து காலைக் கழுவினார், நிமிர்ந்தார். உயரத்திலிருந்து விழுந்த தண்ணீர் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியெல்லாம் தெறித்தது. நான் இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறினேன். முடிச்சு இழுக்கக் கூடாதே என்று அவரும் மாறினார். மந்திரம் முடிகிறவரை நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றோம், வலது கால், இடது கால் என்று, ஊரே பார்க்க.