சலுகைக்காக ஒரு விவாகரத்து

டைல்ஸ் கடைக்காரர் வாசலில் சாய்த்து வைத்திருந்த மாதிரிக் கற்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். காலையில் துடைத்ததுதான். வேறு வேலை இல்லை. ஒரு வருடமாகவே யாரும் வீடு கட்டவில்லை. பாதியில் நின்ற கட்டடங்களில் கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தன. "ஈ ஓட்டலாம்னா அந்த ஈயும் வரமாட்டேங்குது" என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார். அவளுக்குச் சிரிப்பு வராது. தையல் மெஷினை இன்னும் வேகமாக மிதிப்பாள்.

அப்போதுதான் அரசாங்கம் ஒரு திட்டம் அறிவித்தது. கணவன், மனைவி இருவர் பேரிலும் வீடு இல்லாத குடும்பம் முதல் வீடு வாங்கினால் பதிவுக் கட்டணம் கிடையாது. கடன் வட்டியில் பாதியை அரசே கட்டும். வருடக் கடைசி வரைதான். வீடு விற்றால் நின்ற வேலை நடக்கும், கொத்தனாருக்கும் தச்சருக்கும் பிழைப்பு வரும் என்பது எண்ணம். பலன் தெரிந்தது. கடைக்கு நாலு பேர் வர ஆரம்பித்தார்கள்.

கூடவே வீட்டுத் தரகனும் வந்தான். எதற்கெடுத்தாலும் "நாளைக்கு இருக்காது" என்பான். அதனால் அவனுக்குப் பெயரே 'அவசரம்'.

"அண்ணே, ஊரே வாங்குது. நீங்களும் ஒண்ணு வாங்கிப் போடுங்க. வாடகைக்கு விடலாம்."

"எனக்குத்தான் வீடு இருக்கேப்பா. சலுகை எப்படிக் கிடைக்கும்?"

"வீடு உங்க பேர்ல. அண்ணி பேர்ல ஒரு செங்கல்கூட இல்லையே? பேப்பர்ல மட்டும் பிரிஞ்சிடுங்க. பத்திரம் முடிஞ்சதும் மறுபடி கல்யாணம். சாட்சிக் கையெழுத்து நான் போடறேன்."

"நல்ல வீடு எதுவும் மிச்சம் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. ஒரு பெயின்டர் கேட்டுட்டிருக்கார். வாடகை வீட்டுல நாலு பிள்ளைங்களோட இருக்கார். அவரை நான் ஏதாவது சொல்லி அனுப்பிடறேன், விடுங்க."

அன்றிலிருந்து கடைக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிடும்போதும் அதே பேச்சு. மனைவி முதலில் சிரித்தாள், பிறகு திட்டினாள், கடைசியில் அலுத்துப்போய், "எழுத்துலதானே, வாங்க வக்கீல்கிட்ட போகலாம்" என்றாள்.

வக்கீலம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "என்ன காரணம்?"

"ஏதாவது போட்டுக்கங்கம்மா" என்றார் கடைக்காரர்.

"ஏதாவதுன்னா நீதிபதி 'யோசிச்சுட்டு வாங்க'ன்னு அனுப்பிடுவார். சேர்ந்து வாழ முடியலன்னு அவர் நம்பணும். நீங்க சொல்லுங்கம்மா. அடிப்பாரா?"

"ஐயோ, இல்லைங்க."

"குடி?"

"இல்லைங்க." அவள் கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு ஆபரேஷன் நடந்தப்போ வரல. கடைக்கு லோடு வருதுன்னாரு."

"நல்லது. அப்புறம்?"

"எங்கம்மா செத்தப்போ, சீக்கிரம் கிளம்புன்னு வாசல்ல நின்னு ஹாரன் அடிச்சாரு. நான் தைச்சுச் சேர்த்ததையெல்லாம் கடையில போட்டாரு. ஒரு வார்த்தை கேக்கல. நான் பேசினா, கண்ணு போன்ல இருக்கும்..."

நிறுத்தவே முடியவில்லை அவளால். குரல் உயரவில்லை, அதுதான் அவரைப் பயமுறுத்தியது. வக்கீலம்மா வேகமாக எழுதினார்.

"போதும்மா. கேஸ் ரொம்ப பலமா இருக்கு."

கடைக்காரர் சட்டென எழுந்தார். "வேண்டாம்மா. எழுதாதீங்க."

இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். பிறகு அவர் கேட்டார்: "அதெல்லாம்... வக்கீலுக்காகச் சொன்னதா?"

"வக்கீலுக்காகத்தான் ஆரம்பிச்சேன். சொல்லச் சொல்லத்தான் எவ்வளவு பாக்கி இருக்குன்னு தெரிஞ்சுது." அவள் நின்றாள். "பாருங்க, வீடு இல்லாதவங்களுக்குன்னு குடுக்கறதைப் பறிக்கப் போயி, நாமளே வீடு இல்லாதவங்களா ஆயிருப்போம்."

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போன் அடித்தது. அவசரம்தான்.

"அண்ணே, முடிஞ்சுதா? நாளைக்கு இருக்காது!"

"அதைப் பெயின்டருக்கே முடிச்சுக் குடு. ஊர் நிமிரணும்னு போட்ட திட்டம்பா அது. நம்மள மாதிரி ஆளுங்க பொய் சொல்லிப் புகுந்தா, வீடு விக்கும். வீடில்லாதவன் தெருவுலயேதான் நிப்பான்."

"உங்களுக்கு நஷ்டம்ண்ணே!"

"எனக்கு ஒரு வீடு இருக்கு. அதைச் சரி பண்ணவே நிறைய வேலை கிடக்கு."

போனை அணைத்துப் பையில் போட்டார். "அந்த ஆபரேஷன் அன்னைக்கு..." என்று தொடங்கினார். இப்போது அவள் முகத்தைப் பார்த்தார். அவள் காத்திருந்தாள்.