கலங்கல் கரை விளக்கு

சென்றாயன் ஏரித் தண்ணீர் உப்புக் கரிக்கத் தொடங்கியது 1931-ம் வருஷம் தை மாதம், இரண்டாம் வெள்ளிக்கிழமை. அடுத்த வாரம் வெண்ணந்தூர்ச் சந்தையில் உப்பு விற்பவர் கடை போடவில்லை. மாடுகள் ஏரியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பின. கடல் இருப்பதோ கிழக்கே நூறு மைலுக்கும் அப்பால். ஆனாலும் ஏரி தினம் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்கியது. ஊர்க்காரர்கள் அதற்கேற்பத் துணி துவைக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் காரணம் ஒரு எழுத்துப் பிழை. ஏரி நிறைந்தால் உபரித் தண்ணீர் வழிந்தோடும் இடத்துக்குக் கலங்கல் என்று பெயர். அந்தப் பாசிப் பாறையைத் தாண்டித்தான் சந்தையிலிருந்து வீடு திரும்ப வேண்டும். அந்தி மசங்கலில் வழுக்கி விழுந்து இரண்டு பேர் செத்த பிறகு, கலங்கல் கரையில் ஒரு விளக்குத் தூண் வைக்கலாம் என்று ஊர் கூடி முடிவெடுத்தது. நாகப்பட்டினத்தில் பேரெடுத்த கொத்தனாருக்குக் கடிதம் எழுதிய தீர்த்தகிரி, பேசுகிற மாதிரியே எழுதுகிறவர். 'கலங்கரைக்கு விளக்கு வேண்டும்' என்று எழுதிவிட்டார். கொத்தனார் வந்தார், கேள்வி கேட்கவில்லை, தம் ஊரில் கப்பலுக்கு வழிகாட்டும் கோபுரத்தைப் போலவே அச்சு அசலாக ஒன்றைக் கட்டினார். அறுபது படி, உச்சியில் கண்ணாடிக் கூண்டு. பார்க்க லட்சணமாய் இருந்ததால் ஊரும் வாயைத் திறக்கவில்லை. எதிர்க்கரை ஊர்களுக்கு அது பொறுக்குமா? இரண்டே வருஷத்தில் அவர்களும் ஆளுக்கொன்று கட்டி, ஏரியைச் சுற்றி நாலு கோபுரங்கள் ஆகிவிட்டன. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக்கூட 'செவப்புப் பட்டைத் தூணுக்குத் தெக்கால ஊடு' என்றுதான் வழி சொன்னார்கள்.

முதல் கோபுரத்தில் தினமும் விளக்கேற்றும் வேலை தறிக்கார மாரியப்பனுடையது. அவன் மனைவி பாப்பாயி ஒருத்திதான் ஏரியைப் பார்த்துப் பயந்தாள். கொத்தனாருக்கு மோர் கொண்டுபோன அன்று, பிள்ளையைக் கூழ் குடிக்கக் கூவுகிற தாயைப் போல இந்த விளக்கு கடலில் தவிக்கும் கலத்தைக் கரைக்குக் கூப்பிடும் என்று அவர் சொன்னதை அவள் மறக்கவில்லை. அவளுக்கு மாரியப்பன் இரண்டாவது புருஷன். முதல் புருஷன் கந்தவேல் ஒன்பது வருஷத்துக்கு முன் பினாங்குக்குக் கப்பலேறினான். கப்பல் மூழ்கிவிட்டதாகக் கடிதம் வந்தது. இதே ஏரியில் முழுகித்தான் அவள் தாலியை இறக்கினாள். மூன்று வருஷம் கழித்து, சாதிக்கட்டின்படி பெரியவர்கள் கூடி அவளை மாரியப்பனுக்குக் கட்டி வைத்தார்கள். இப்போது ஐந்து வயதில் வசந்தாமணி இருக்கிறாள். குடும்பம் ஒரு வழியாய் நிலைப்பட்டிருந்தது. அது கலைந்துவிடுமோ என்றுதான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மாசியில், பொழுது சாயும்போதெல்லாம் ஏரி நடுவே சங்கு ஊதுவது போல ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. விளக்கேற்ற வேண்டாமென்று பாப்பாயி புருஷனின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள்.

"ஏத்தாம உட்டா எவனாச்சும் வழுக்கி உளுந்து சாவான். அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?" என்றான் மாரியப்பன்.

அந்த வாரமே சங்ககிரியில் ஒரு சாவுக்குப் போன மாரியப்பன், தீப்பெட்டியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான். அவள் ஏற்றவில்லை. மற்ற மூன்று விளக்குகளும் எரிய, இது மட்டும் இருண்டு கிடந்தது. அப்போதுதான் ஊரே பார்க்க அந்தக் கப்பல் ஏரியில் தெரிந்தது. ஒருபுறம் சாய்ந்து, திசை புரியாமல் இரண்டு சுற்றுச் சுற்றி, நேரே கலங்கல் பாறையைப் பார்த்து வந்தது. உள்ளிருந்து ஆட்கள் அலறினார்கள். அதில் ஒரு குரல் அவள் பேரைச் சொன்னது. ஒருவனை ஒரு தடவை சாகக் கொடுத்தாயிற்று, இன்னொரு தடவை தன் கையாலேயே கொடுப்பதா? அறுபது படியும் ஏறியது அவளுக்கு நினைவில்லை. நாலாவது குச்சியில்தான் திரி பற்றியது.

கப்பல் திரும்பிக் கரையில் ஒதுங்கியது. இருபத்து மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவர் சட்டையிலும் ஈரமில்லை. கந்தவேலுக்குப் போனபோது இருந்த அதே இருபத்து நாலு வயசு. பாப்பாயியின் காதோர நரையையும், பக்கத்தில் நின்ற வசந்தாமணியையும், கழுத்தில் இருந்த வேறு தாலியையும் அவன் வரிசையாகப் பார்த்தான். வீட்டுக்கு வந்து சுவரோரமாகப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் சங்ககிரியிலிருந்து திரும்பிய மாரியப்பன் வாசலிலேயே நின்றுவிட்டான். கந்தவேல் எழுந்து கும்பிட்டான்.

"தெனமும் வெளக்கு ஏத்துனது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க," என்றான் மாரியப்பன். செருப்பைக் கழற்றிவிட்டு, "எத்தன நாளைக்கு இருப்பீங்க?" என்று கேட்டான்.

"அந்த வெளக்கு எரியற வரைக்குமுங்க. ஒரு நா எரியலீன்னா நாங்க எல்லாம் திரும்பத் தண்ணிக்குப் போயிருவோம்."

அன்று பொழுது இறங்கிக்கொண்டே வந்தது. மாரியப்பன் சீமெண்ணெய் டின்னைப் பார்த்தபடி தறிக்குழியில் உட்கார்ந்திருந்தான். கந்தவேலும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். பாப்பாயி அடுப்படியில் முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாரியப்பன் எழுந்துவிடுவானோ என்றும் பயமாக இருந்தது, எழுந்திருக்காமலே இருந்துவிடுவானோ என்றும் பயமாக இருந்தது. கடைசியில் மாரியப்பன் எழுந்து, டின்னைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கலங்கல் கரைக்கு நடந்தான்.

பாப்பாயி உலையில் நாலு பேருக்கு அரிசி போட்டாள்.